சலவை இயந்திரத்துக்கு வெந்நீர்

துணியை வெந்நீரில் வெளுப்பது நமக்குப் புதிய செய்தியன்று. சலவைத் தொழிலாளர் அழுக்குத் துணியை உவர்மண் கரைத்த பச்சைத் தண்ணீரில் முதலில் ஊறவைத்துப் பின்னரே வெள்ளாவியில் ஏற்றினார்கள். அந்த ஒழுங்கில் ஒரு நுட்பம் உண்டு. இரத்தம், முட்டை, பால் ஆகியவற்றின் கறையிற் சடுதியாக வெந்நீர் பட்டால் அது இழையோடு இறுகிவிடும். பச்சைத் தண்ணீரில் இளகியபின் சூடேறினால் எளிதில் அகலும்.

நேயர்களே, பாண்டிருப்பு வெயிலுக்குக் குறைவில்லாத கரையூர். கூரைமேல் சூரிய நீர்ச்சூடாக்கி பொருத்தியவர், "செலவின்றிக் கிடைக்கும் வெந்நீரைச் சலவை இயந்திரத்துக்கும் விட்டால் மின்சாரம் மிஞ்சாதோ?" என்று கேட்பது இயல்பே. மிஞ்சும், எவ்வளவு என்பதே கேள்வி. முன்புறம் கதவுள்ள இயந்திரம் சலவைக்கு 12 லீற்றர் நீர் எடுப்பதாகக் கொள்வோம். 28 பாகை வெப்பமுள்ள அந்நீரை 60 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ அரை அலகு மின்சாரம் போதும். 40 பாகைக்கு அதிலும் பாதிக்குக் குறைவு. ஆதாயம் இவ்வளவே.

இனி இழப்பு. அவ்வகை இயந்திரங்களிற் பெரும்பாலானவற்றுக்கு நீர் புகும் வாய் ஒன்றே. அதில் வெந்நீரைப் பூட்டினால், இரண்டு மூன்று முறை அலசுவதற்கும் வெந்நீரே ஓடி வீணாகும். நண்பகலில் சூரியத் தாங்கியின் நீர் 70 பாகையையும் தாண்டலாம். சலவைத்தூளிலுள்ள நொதியங்கள் அவ்வெப்பத்தில் செயலிழக்கும். அயலூராகிய மருதமுனையிலே நெய்த புதுச் சாரத்தின் சாயமும் கரையக்கூடும். ஆகவே ஒற்றை வாய் இயந்திரத்தைப் பச்சைத் தண்ணீரோடு விட்டுவிடுவதே அறிவு. அது தானே மெல்லமெல்லச் சூடாக்கும். வெள்ளாவிக்காரரின் ஒழுங்கும் அதுதானே!

ஆயினும், வீட்டில் இழுப்பு நோயுள்ள பிள்ளை இருந்தால் கதை வேறு. படுக்கை விரிப்பிலுள்ள தூசிப்பூச்சிகள் மடிய 55 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். மேற்புறம் திறக்கும் இயந்திரங்கள் பலவற்றிற் சூடாக்கியே இல்லை. அவற்றுள் சிவப்பும் நீலமுமாக இரு வாய்கள் உள்ளவற்றுக்கு வெந்நீர் இணைப்பு மெய்யாகவே பயன்தரும்.

இணைப்போர் குழாயைக் கவனிக்க வேண்டும். தண்ணீருக்கு இடும் சாதாரண பி.வி.சி. குழாய் வெந்நீரில் இளகி வளையும், சி.பி.வி.சி. குழாயே தகுந்தது. அரை அங்குலக் குழாய் 15 மீற்றர் நீண்டால் ஏறக்குறைய 2 லீற்றர் ஆறிய நீர் அதிலே தங்கி நிற்கும். வெந்நீருக்கு முன் அதுவே இயந்திரத்துட் புகும். எனவே தாங்கிக்கும் இயந்திரத்துக்கும் இடையே தூரம் குறைதல் நன்று. இரு நீரையும் கலந்து வெப்பத்தை 60 பாகைக்குள் அடக்கும் வால்வு ஒன்றும் இடையே வேண்டும். அவ்வெப்பத்திலேயே சில விநாடிகளிற் கை வெந்துவிடும். சிறுவர் தொடும் குழாய்களுக்கு இன்னும் தணித்து வைப்பது அவசியம்.

இரு வாய் இயந்திரம் இருந்தும் வெந்நீர் இல்லாதவர்கள் சிவப்பு வாயை மூடிவிடலாகாது. கவைக்குழாய் ஒன்றினால் இரண்டுக்கும் பச்சைத் தண்ணீரையே விடுக. இல்லையேல், வெதுவெதுப்பான சலவையைத் தெரிவுசெய்த பொழுது, இயந்திரம் வராத நீருக்குக் காத்து நின்றுவிடும்.