பன்னிரண்டு கூடைத் துணிக்கைகள்

(மருத்துவமனையின் ஸ்தோத்திரக் கூடுகையில் பள்ளி ஆசிரியர்களுக்கும் சபையாருக்கும் அளித்த செய்தி)



ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஐயாயிரம் பேரைப் போஷித்த ஆண்டவர், எல்லாரும் திருப்தியடைந்த பின் சீஷர்களுக்கு இன்னொரு வேலை கொடுத்தார். மீந்து கிடந்ததையெல்லாம் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. நினைத்த மாத்திரத்தில் அப்பம் தர வல்லவரே ஒரு துணிக்கையும் வீணாகச் சம்மதிக்கவில்லை. நாமோ வெறும் உக்கிராணக்காரர்!

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் பாதிக்கு மேல் வீடுகளில்தான்! குற்றவாளியைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

ஆசிரியர்களே, உங்கள் பள்ளியில் 500 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆறு நோட்டுகள். ஆண்டு முடிவில் ஒவ்வொன்றிலும் பத்துப் பக்கம் எழுதாமல் கிடந்தால் மொத்தம் 30,000 பக்கங்கள். பிரித்துத் தைத்தால் 192 பக்க நோட்டுகள் 156 கிடைக்கும். எடைக்குப் போடுமுன் பிள்ளைகளையே தைக்கச் சொல்லுங்கள். நோட்டு வாங்க வழியில்லாத பிள்ளைகள் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது மிச்சமல்ல, நோயைப் பரப்புவது. அதுபோலவே, காலாவதியாகும் தறுவாயிலுள்ள மருந்தை அனுப்புவதும் தானமல்ல. வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டாவது கெடு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே நெறிமுறை வகுத்தது. கெடு தீர்ந்ததை அழிக்கும் செலவும் கடைசியில் ஏழை நோயாளியின் பங்கிலிருந்தே போகிறது.

மிசோரம் சபைப் பெண்களைப் பாருங்கள். 1910 முதல் அவர்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை ஊழியத்துக்கென்று தனியே எடுத்து வைத்து வருகிறார்கள். மீந்தால் கொடுப்போம் என்று காத்திருப்பதில்லை.

பிரியமானவர்களே, மிச்சம் பிடிப்பது பாதி வேலைதான். அது யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று முன்னமே தீர்மானிப்பது மறுபாதி. இல்லாவிட்டால் ஒரு கையில் மிஞ்சியது மறு கையில் கரைந்துவிடும். உங்கள் வீட்டு அடுத்த விசேஷத்தில் பந்தியில் ஒரு பதார்த்தம் குறையட்டும். அந்தத் தொகையை அன்றே ஒரு ஏழை நோயாளியின் மருந்துக்கென்று எடுத்து வையுங்கள். கூடைகளை நிரப்ப ஆண்டவர் நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.