செக்கும் கணிப்பொறியும்

காரைக்குடியில் செக்காலை என்றொரு பகுதி உண்டு. அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் செக்குமாடுதான் நினைவுக்கு வரும். எள் மிகுதியாக வந்துவிட்டால் மாட்டை விரட்டிப் பார்க்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டன்றோ? பிறகு செக்குகளைப் பெருக்குவதே வழி. கணிப்பொறிக்கும் இந்நிலைதான் நேர்ந்தது. செயலியை மேன்மேலும் விரைந்து ஓட்டினால் அது தாங்கவொண்ணாத வெப்பம் கொள்கிறது. ஆகவே 2005ஆம் ஆண்டையொட்டி, ஒரே சில்லில் பல கோர்களை அமைக்கும் முறை பரவலாயிற்று.

செக்குகள் பலவிருந்தும் எள்ளைப் பங்கிட ஆள் வேண்டுமே! போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள், ஒரே வினாவைப் பல கோர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் ஆற்றலை 2016இல்தான் பெற்றது.

காரைக்குடிக்கு அண்மையில் உள்ளது கோட்டையூர். அங்கே ரோஜா முத்தையா செட்டியார் என்னும் விளம்பரப் பலகை ஓவியர், ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் பிறவற்றையும் திரட்டி வைத்திருந்தார். 1992இல் அவர் மறைந்தபின், அச்செல்வமே 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. அத்துணைப் பெரிய பட்டியலொன்று கணிப்பொறியில் இருப்பதாகக் கொள்வோம். ஒரு நூலின் சராசரிப் பக்கம் எவ்வளவு என்று வினவுகிறோம். பட்டியலைப் பங்கிட்டு, கோர்கள் ஒரே வேளையில் படிக்கின்றன.

இங்கேதான் மாணவர்கள் வழுக்கி விழுகிறார்கள். ஒரு கோருக்கு 10 நூல்கள், சராசரி 100 பக்கம்; மற்றொன்றுக்கு 40 நூல்கள், சராசரி 200 பக்கம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 150. உண்மையான விடையோ 180! ஒவ்வொரு கோரும் சராசரியைச் சொல்லாமல், மொத்தப் பக்கங்களையும் நூல்களின் எண்ணிக்கையையும் ஒப்படைத்தால்தான் கணக்குச் சரியாகும். ஆசிரியர்கள் எத்தனை பேர் என்ற வினா இன்னும் பொல்லாதது. ஒருவர் எழுதிய நூல்கள் இரு பங்குகளிலும் இருக்கக்கூடும். எண்ணிக்கைகளை மட்டும் கூட்டினால் அவர் இருவராகிவிடுவார். விரைவாக வந்த விடை என்பதற்காக யாரும் அதை ஐயுறுவதில்லை.

பகிரவே இயலாத வேலையும் உண்டு. நூறு நிமிட வேலையில் பத்து நிமிடம் அத்தகையதாயின், தொண்ணூறு கோர்களை ஏவினாலும் பதினொரு நிமிடம் ஆகும். எத்தனை ஆயிரம் கோர்கள் சேர்ந்தாலும் பத்துக்குக் கீழே இறங்காது. ஜீன் அம்தால் என்னும் அமெரிக்க அறிஞர் 1967இலேயே சுட்டிய தடை இது.

வீட்டு அலமாரியின் இருநூறு நூல்களுக்கோ, பங்கு பிரித்து முடிவதற்குள் ஒற்றைக் கோரே விடை கூறிவிடும். போஸ்ட்கிரெஸும் சிறு பட்டியல்களைப் பெரும்பாலும் பங்கிடாமல் அப்படியே விட்டுவிடுகிறது.