உயிரணுவுக்குள் ஒரு விளக்கு

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இப்படிப்பட்ட மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். நான் இன்று அப்ப மாவைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். நம் பாட்டிமார் அப்ப மாவில் கொஞ்சம் கள் ஊற்றிக் கலப்பார்கள். இப்போது கடையில் ஈஸ்ட் பொட்டலம் வாங்கிப் போடுகிறோம். மலாய்க்காரர்கள் அதை ராகி என்பார்கள். நம்முடைய கேழ்வரகு ராகி வேறு, இது வேறு. கள்ளைப் பொங்க வைப்பதும் ரொட்டியை உப்ப வைப்பதும் இந்த ஈஸ்ட்தான். இதைப் பாடத்தில் சொன்னபோது ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், அதுக்கு உயிர் இருக்குன்னா, உள்ள என்னா நடக்குதுன்னு உயிரோட பாக்க முடியுமா?" என்று கேட்டான். அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஈஸ்ட் என்பது ஒரே ஓர் உயிரணு. 200 ஈஸ்டுகளை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். நுண்ணோக்கியில் பார்த்தால் தண்ணீரில் மிதக்கும் கண்ணாடி முட்டை போலத் தெரியும். உள்ளே ஆயிரக்கணக்கான புரதங்கள் வேலை செய்கின்றன. ஒன்றும் கண்ணுக்குப் படாது. பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் வெங்காயத் தோலில் அயோடின் விட்டுப் பார்த்தோம். நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் அயோடின் பட்டால் உயிரணு செத்துவிடும். செத்த பிறகு அது என்ன வேலை செய்தது என்று யாரிடம் கேட்பது?

கொல்லாமல் பார்க்க ஒரு விளக்கு கிடைத்தது கடலிலிருந்து. 1961ஆம் ஆண்டு ஒசாமு ஷிமொமுரா என்ற ஜப்பானியர் அமெரிக்காவின் பிரைடே ஹார்பர் கடற்கரையில் ஜெல்லி மீன்களை வலை போட்டு அள்ளினார். முதல் கோடையிலேயே ஏறக்குறைய 10,000. பின்வந்த ஆண்டுகளில் மனைவி மக்களும் சேர்ந்து அள்ளினார்கள். அந்த ஜெல்லி மீனிலிருந்து ஒரு பச்சைப் புரதம் கிடைத்தது. மின்மினியைப் போல் அது தானாக எரியாது. கடைக்காரர் ஐம்பது வெள்ளி நோட்டை ஊதா விளக்கில் காட்டும்போது மறைந்திருந்த நூல்கள் பளிச்சென்று தெரிகின்றன அல்லவா? அதே மாதிரி, நீல ஒளி பட்டால் இந்தப் புரதம் பச்சையாக ஒளிரும்.

இந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவை 1992இல் முழுதாகப் பிரித்தெடுத்தவர் டக்லஸ் பிராஷர். ஆராய்ச்சியைத் தொடர அவருக்குப் பணம் கிடைக்கவில்லை. பூட்டி வைத்துக்கொள்ளாமல், கேட்ட இருவருக்கு அந்த மரபணுவை அனுப்பி வைத்தார். அவர்களில் மார்ட்டின் சால்ஃபி 1994இல் அதைப் பாக்டீரியாவிலும் ஒரு சிறு புழுவிலும் வைத்து ஒளிர வைத்தார். மற்றவர் ரோஜர் சியென். விளக்கைப் பிரகாசமாக்கிப் பல நிறங்களில் செய்து கொடுத்தார். 2008இல் வேதியியல் நோபெல் பரிசு ஷிமொமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் கிடைத்தது. ஒரு நோபெல் பரிசை மூவருக்கு மேல் பிரித்துத் தருவதில்லை. அந்தச் செய்தி வந்த நாளில் பிராஷர் ஒரு கார்க் கடையில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பரிசளிப்பு விழாவில் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். வேன் ஓட்டுவது குறைவான வேலை என்று நான் சொல்லவில்லை. லாரி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனாலும் அப்படிப்பட்ட கைக்கு ஓர் ஆய்வுக்கூடம் இல்லாமல் போனது எனக்கு மனக்குறைதான். சால்ஃபியும் சியெனும் தங்கள் செலவில் அவரையும் அவர் மனைவியையும் ஸ்டாக்ஹோம் விழாவுக்கு அழைத்துப் போனார்கள். பின்னர் சியெனின் ஆய்வுக்கூடத்திலேயே சில காலம் வேலை செய்தார்.

சரி, ஈஸ்டுக்கு வருவோம். ரப்பர் காட்டுக்குள் மேயப் போகும் மாட்டுக்கு மணி கட்டிவிடுவோம். மாடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மணிச்சத்தம் இடத்தைச் சொல்லிவிடும். ஈஸ்டின் ஒரு மரபணுவின் வால் பக்கம் ஜெல்லி மீன் மரபணுவை ஒட்டிவிட்டால், அந்தப் புரதம் போகும் இடமெல்லாம் பச்சை விளக்கும் கூடவே போகும். ஈஸ்ட் சாகாது; ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை மொட்டு விட்டுப் பெருகிக்கொண்டே இருக்கும். ஈஸ்டில் ஏறக்குறைய 6,000 மரபணுக்கள். 2003இல் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் ஒவ்வொன்றாக விளக்குக் கட்டி, 4,156 புரதங்களைப் பார்த்து, எது எங்கே குடியிருக்கிறது என்று வரைபடமே போட்டுவிட்டார்கள்.

ஈஸ்டைப் பட்டினி போட்டால் என்ன செய்யும் தெரியுமா? கஷ்ட காலத்தில் பழைய நகையை உருக்கிக் காரியம் பார்க்கிற குடும்பம் போல, தன் பழைய உறுப்புகளைப் பையில் கட்டி, உடைத்து, மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். இதை முதலில் கண்ட ஜப்பானியர் யோஷினோரி ஓசுமியிடம் அப்போது பச்சை விளக்கு இல்லை. சாதாரண நுண்ணோக்கியில்தான் பார்த்தார். 2016இல் அவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. இப்போது பை கட்டும் புரதத்துக்கே விளக்கு மாட்டி, பச்சைப் புள்ளி தோன்றுவதையும் மறைவதையும் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. நம் தோட்டத்தில் கை நடுங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். மரம் வெட்டிய கையால் இன்று தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. "கள்ளு வேல செய்யுது"ன்னு சிலர் கேலி பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். அவர்களில் சிலருக்கு இருப்பது பார்கின்சன் நோயாக இருக்கலாம். அந்த நோயில் மூளை உயிரணுக்களுக்குள் ஒரு புரதம் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடுகிறது. உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையைத் திறந்து பார்க்க முடியுமா? 2003இல் டியாகோ அவுட்டெய்ரோ, சூசன் லிண்ட்குவிஸ்ட் இருவரும் மனிதனின் அந்தப் புரதத்தில் பச்சை விளக்குக் கட்டி ஈஸ்டுக்குள் வைத்தார்கள். அளவாக இருந்தபோது ஈஸ்டின் ஓரத்தில் பச்சை வளையமாக நின்றது. இரண்டு மடங்கானதும் உள்ளே கட்டி கட்டியாகத் திரண்டது, ஈஸ்ட் தளர்ந்தது. நோயை முழுவதும் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் புரதம் எப்படித் திரள்கிறது என்பதைக் கேலிக்குக் காரணமான அதே கள்ளின் ஈஸ்டில், உயிரோடு பார்க்க முடிகிறது.

ஆகவே, தம்பி, முடியும். நம் பள்ளி நுண்ணோக்கியில் பச்சை விளக்கெல்லாம் தெரியாது. அதற்கு வேறு கருவி வேண்டும். ஆனால் ஈஸ்ட் மொட்டு விடுவது தெரியும். வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் கலந்து அறிவியல் அறையில் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பெற்றோரும் வாருங்கள். வரிசையில் வந்தால் எல்லாரும் பார்க்கலாம்.