மண்ணும் கல்லும் தந்த வண்ணம்



தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களைப் பற்றிப் பேசுவோர் பலரும் அவை மூலிகைச் சாயத்தால் தீட்டப்பெற்றவை என்றே கூறிவிடுகின்றனர். கேட்பதற்கு இனிய செய்திதான். ஆயினும் உண்மை அதுவன்று.

கருவறையைச் சூழ்ந்த உட்சுற்று இருள் மண்டியது. 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அங்கே, நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்திருந்த இடங்களில், அதனடியில் வேறோர் ஓவியம் இருப்பதைக் கண்டார். வெள்ளை யானைமீது கயிலை செல்லும் சுந்தரரும், குதிரைமீது விரையும் சேரமான் பெருமாளும், முப்புரம் எரித்த பெருமானும் பன்னூறாண்டுகளுக்குப் பின் வெளிப்பட்டனர். கண்டவர் வரலாற்றறிஞர். அவ்வண்ணங்கள் யாவை என்று சொல்ல வேதியியலறிஞர் ஒருவர் வேண்டியிருந்தார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் எஸ். பரமசிவன் அப்பணியை மேற்கொண்டு, 1937இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவர் பெயர் நம் இலக்கிய மேடைகளில் அரிதாகவே ஒலிக்கிறது.

அவர் கண்டவை மிகச் சிலவே. வெண்மைக்குச் சுண்ணாம்பு, கருமைக்குக் கரி, செம்மைக்கும் மஞ்சளுக்கும் காவிமண், பசுமைக்குப் பச்சைமண், நீலத்திற்கு லாபிஸ் லாசுலி என்னும் கல். இலையும் வேரும் பூவும் இப்பட்டியலில் இல்லை.

இதற்குக் காரணம் சுண்ணாம்பே. ஈரம் உலராத சுதைமீது, நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டுவது இம்முறை. பசை வேண்டுவதில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது. அப்போது வண்ணத் துகளையும் தன்னுள் இறுக்கிக்கொள்கிறது. ஆனால் ஈரச் சுண்ணாம்பின் காரம் கொடிது. செடிச் சாயங்களுள் பெரும்பாலானவை அதில் நிறம் மாறும், அல்லது மாயும். மண்ணும் கல்லுமே தாங்கும். ஓவியனுக்கோ தயங்க நேரமில்லை. சுதை உலருமுன் கோடு முடிந்தாக வேண்டும். அத்துணை விரைவில் எழுதப்பட்ட ஆடல் மகளிரின் இடை வளைவைக் காண்போர் வியவாதிருக்க இயலாது.

நீலக்கல்லின் கதை தனியானது. பழங்காலத்தில் இக்கல்லுக்குப் புகழ்பெற்ற சுரங்கங்கள் ஆப்கானிஸ்தானத்துப் பதக்சான் மலைகளில் உள்ளன. காவிரிக் கழனிகளின் நடுவே எழுந்த கோயிற் சுவரில் அம்மலைக்கல்லின் இனம் விளங்குகிறது. ஐரோப்பியர் அதன் பொடிக்கு 'அல்ட்ராமரைன்', அதாவது கடலுக்கு அப்பாலிருந்து வந்தது, என்று பெயரிட்டனர்.

அந்நீலத்தை அள்ளி வழங்கியவர் டச்சு ஓவியர் வெர்மீர். ஏறத்தாழ 1665இல் அவர் தீட்டிய 'முத்துத் தோடணிந்த பெண்' என்னும் ஓவியத்தை, ஹேக் நகரின் மௌரிட்சுஹாய்ஸ் அருங்காட்சியகத்தில் 2018இல் அறிவியலார் ஆராய்ந்தனர். அவளது தலைப்பாகையின் நீலம் லாபிஸ் லாசுலி. பின்புலத்தின் இன்றைய கருமையோ தொடக்கத்தில் பச்சைத் திரையாக இருந்தது. அவுரி நீலமும் ஒரு செடியின் மஞ்சளும் கலந்த பூச்சு அது. கல் நின்றது, செடி மங்கியது.

அதே டச்சுக்காரர் 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர், 1781வரை ஆண்டனர். சோழமண்டலக் கரையில் அவர்கள் நாடியவற்றுள் தலையாயது துணி. அவுரியும் சாயவேரும் ஆண்டது அவ்வுலகில்தான். செடிச் சாயத்திற்கு இடம் நூலிழை, சுவரன்று. மூலிகைக் கதையை விரும்புவோர் கும்பகோணத்தை அடுத்த கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டைக் கலங்காரிக் கலைஞரிடம் சென்று கேட்கலாம். அங்கே அது மெய்.

இவ்வேறுபாடு புலவர் விளையாட்டன்று. லாபிஸ் நீலம் காரத்தைத் தாங்கும். அமிலம் பட்டால் வெளிறிவிடும். சுண்ணாம்புச் சுதையோ அமிலத்தில் கரைந்தே போகும். புகைபடிந்த சுவரைத் தூய்மை செய்யப் புகும் அன்பர்கள் எதனைத் தொடுகிறோம் என அறியாது கழுவினால், அழுக்குடன் ஓவியமும் நீங்கும். நம் சிற்றூர்க் கோயில்களில் வெள்ளையடித்தும் எனாமல் பூசியும் மறைத்தவற்றுக்குக் கணக்கில்லை.

பெரிய கோயிலில் மேலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. மேலிருப்பது நாயக்கர் ஓவியம், அதுவும் செல்வமே. அதனைச் சுரண்டியெறிந்து சோழரைக் காண்பது கொலைக்கு ஒப்பாகும். இந்தியத் தொல்லியல் துறையினர் மேற்படலத்தைச் சுதையுடன் பெயர்த்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டினர். கீழே சோழன் சுவரிலும், மேலே இருந்த நாயக்கன் பலகையிலுமாக இருவரும் பிழைத்தனர்.