நற்சாட்சிப் பத்திரமும் காட்டு ஜனங்களும்

 

இன்று நமக்குப் பேசக் கொடுத்திருக்கும் விஷயம் பாமாயில். கடைச் சரக்கைப் பற்றியும் ஒரு சொற்பொழிவா என்று சிலர் நினைக்கலாம். நம் ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது, அதற்காக எவனுடைய காடு போயிற்று என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? உலகத்திலேயே அதிகமாகப் பாமாயிலை வெளிநாட்டிலிருந்து வாங்குவது இந்தியாதான். ஆகவே இது யாரோ எவரோ சம்பந்தப்பட்ட சங்கதி அல்ல.

எண்ணெய்ப் பனை மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 1848-ல் டச்சுக்காரர்கள் நாலு கன்றுகளை ஜாவாவில் போகோர் தோட்டத்தில் நட்டார்கள். 1917-ல் மலாயாவில், சிலாங்கூரில், வியாபாரத்துக்காகப் பயிரிட ஆரம்பித்தார்கள். பின்னாளில் ரப்பர் விலை சரியவே, ரப்பர்த் தோட்டங்கள் பல எண்ணெய்ப் பனைக்கு மாறின. (அந்தத் தோட்டங்களில் காடு வெட்டியவர்களில் நம்மவர்கள் எத்தனையோ பேர். தோட்டம் விற்கப்பட்டபோது லயத்தைக் காலி செய்து வெளியேறியவர்களிலும் அவர்கள் உண்டு.) இன்று உலகப் பாமாயிலில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இந்தோனேசியாவும் மலேசியாவுமே கொடுக்கின்றன. இதற்காகச் சுமத்ராவிலும் போர்னியோவிலும் லட்சக்கணக்கான ஹெக்டேர் காடு அழிந்தது.

மரத்தின்மேல் நமக்குக் கோபம் இல்லை. ஒரு ஹெக்டேரில் அது மூன்று டன்னுக்குமேல் எண்ணெய் கொடுக்கிறது. சோயா அரை டன்கூடக் கொடுப்பது அரிது. பனையை ஒழித்துவிட்டு அத்தனை எண்ணெயையும் சோயாவில் எடுப்பதென்றால் இன்னும் பல மடங்கு நிலம் வேண்டும். அப்போது வேறொரு காடு போகும். ஆகையால், "இந்த எண்ணெயைத் தொடாதீர்கள்" என்று சொல்ல நாம் வரவில்லை. எந்த நிலத்தில், யாரைக் கேட்டு நட்டார்கள் என்பதே நமது கேள்வி.

இலையும் வேரும் ஆயிரக்கணக்கான வருஷங்களாக மக்கி அழுந்திய சதுப்பு நிலங்கள் அங்கே ஏராளம். கால்வாய் வெட்டி நீரை வடித்தால் அந்த மண் காய்ந்து விறகாகிவிடும். தீப்பிடித்தால் மண்ணுக்கடியிலேயே வாரக்கணக்கில் புகையும். 2015-ல் இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. நஷ்டம் 1,600 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடிப் பள்ளிக்கூடங்களைச் சாத்த வைத்தது. எரிந்தது அவ்வளவும் பனைக்காகத்தான் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பனைக்கு அதில் பங்கில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

இதற்குப் பரிகாரமாக 2004-ல் ஒரு வட்டமேசை கூடிற்று. வட்டமேசை என்றவுடன் நமக்கு லண்டன் ஞாபகம் வரும்; இது வேறு. தோட்ட முதலாளிகள், ஆலைக்காரர்கள், சோப்பு பிஸ்கட் கம்பெனிகள், கடைக்காரர்கள், வங்கிக்காரர்கள், இவர்களோடு காட்டைக் காக்கும் சங்கத்தாரும் ஜனங்களுக்காகப் பேசும் சங்கத்தாரும் சேர்ந்தார்கள். ஆர்.எஸ்.பி.ஓ. என்று பெயர். நிர்வாக சபையில் பதினாறு நாற்காலி. சங்கத்தார் இரு வகுப்பாருக்கும் சேர்த்து அதில் நாலே நாலு. காட்டில் குடியிருக்கிறவனுக்கென்று தனி நாற்காலி கிடையாது. அவனுக்காக இன்னொருவர் பேச வேண்டும்!

இவர்கள் விதி எழுதி, விதிப்படி நடக்கும் தோட்டத்துக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுக்கிறார்கள். அந்தப் பத்திரம் எப்படி எண்ணெயோடு போகிறது என்று பாருங்கள். ஒரு பால்காரர் நல்ல பால் பத்துப் படியும், தண்ணீர்ப் பால் தொண்ணூறு படியும் ஒரே அண்டாவில் ஊற்றுகிறார். பிறகு அதிலிருந்து பத்துப் படியை மொண்டு, "இது நல்ல பால் கணக்கு" என்று விற்கிறார். கணக்கு சரிதான், உங்கள் செம்பில் இருப்பது என்ன? இன்னொரு வழியில், பால் எங்கேயோ போகிறது, சீட்டு மட்டும் உங்களுக்கு விற்பனைக்கு வருகிறது. நல்ல எண்ணெயைத் தனியே பிரித்துக் கொண்டுவரும் வழியும் உண்டு. ஆனால் அதற்குச் செலவு அதிகம். மேலும், தோட்டத்தைச் சோதிக்கிறவருக்குக் கூலி கொடுப்பவர் யார்? தோட்டக்காரரே! கடைக்காரன் கூலி கொடுத்து அழைத்து வந்த ஆள் கடைக்காரனுடைய எடைக்கல்லுக்கு முத்திரை போட்டால் நீங்கள் ஒப்புவீர்களா?

இதனால் ஒரு நன்மையும் இல்லை என்று சொல்ல மாட்டோம். 2018-ல் விதியைத் திருத்தி, காடழித்துப் புதிதாக நடுவதையும் சதுப்பு நிலத்தில் புதிதாக நடுவதையும் தடுத்தார்கள். அந்த நிலத்து ஜனங்களுக்கு முன்கூட்டி எல்லாவற்றையும் சொல்லி, பலாத்காரமில்லாமல் அவர்கள் சம்மதம் பெற வேண்டும் என்றும் விதி இருக்கிறது. விதியைக் காட்டிச் சண்டை போட அந்த ஜனங்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. ஆனால் உலகப் பாமாயிலில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் இந்தப் பத்திரம். மற்ற நாலு பங்கையும் யாரும் தடுக்கவில்லை. விலை மலிவாயிருந்தால் போதும் என்று வாங்குகிறவர்களில் நாமும் சேர்ந்தவர்கள்.

2023-ல் ஐரோப்பியர்கள் ஒரு சட்டம் செய்தார்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்து எண்ணெய் தங்கள் சந்தைக்குள் வரக்கூடாது, விளைந்த வயல் இன்ன இடம் என்று குறித்துக் காட்ட வேண்டும் என்றார்கள். அமலுக்கு வரும் நாளை இரண்டு தரம் தள்ளிப்போட்டும் விட்டார்கள். ஜாவாவில் கன்று நட்டவர்களின் சந்ததியார் இன்று நமக்குப் புத்தி சொல்லுகிறார்களா என்று இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. நாலு ஏக்கர் வைத்திருக்கும் சின்னக் குடியானவன் வரைபடத்துக்கும் தஸ்தாவேஜுக்கும் எங்கே போவான்? பெரிய கம்பெனிக்கு அது ஒரு குமாஸ்தாவின் வேலை. ஆனால் அந்தக் குடியானவனை முன்னே நிறுத்தி, அவன் முதுகுக்குப் பின்னால் பெரிய கம்பெனி ஒளிந்துகொள்வதை நாம் ஒப்ப முடியாது.

இத்தனை பேச்சிலும் நிலத்துக்குச் சொந்தக்காரன் யார் என்பதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். பாட்டன் காலத்திலிருந்து அந்தக் காட்டில் பிரம்பு வெட்டி, பழம் பறித்து, மீன் பிடித்தவனிடம் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் அது சர்க்கார் காடு. சர்க்கார் காடு என்பதால் கம்பெனிக்கு லைசென்ஸ். 2013-ல் இந்தோனேசியாவின் அரசியல் சட்டக் கோர்ட்டு, பரம்பரை வழக்கப்படி ஜனங்கள் ஆளும் காடு சர்க்கார் காடாகாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. பெரிய தீர்ப்புத்தான். ஆனால் ஒவ்வொரு கிராமத்தாரும் தாங்கள் இன்ன ஜனங்கள், தங்கள் எல்லை இன்னது என்று முதலில் சர்க்காரை ஒப்பச் செய்ய வேண்டும். அந்தக் காகிதம் மேசை மேசையாக ஏறி இறங்குவதற்குள் இங்கே கன்று மரமாகிக் குலை தள்ளிவிடுகிறது. எந்த வட்டமேசையிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "மரம் எத்தனை வெட்டினாய்?" என்பதற்கு முன்னால், "இந்த நிலத்தை உனக்கு யார் கொடுத்தார்கள்?" என்பதே.

நேரமாகிவிட்டது, கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் இருப்பவர்கள் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புங்கள். தெரிந்தவரையில் பதில் சொல்லுகிறோம்.