கங்கைச் சமவெளியின் குளிர்



கடலூர் முதுநகருக்குத் தெற்கே, சிதம்பரம் செல்லும் சாலையோரமாகச் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்திருப்பதை உங்களிற் பலர் அறிவீர்கள். அங்கே ஒரு தேநீர்க் கடையில், சென்ற மார்கழி மாதத்து வைகறையில், பீகாரிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஓர் இளைஞரைச் சந்தித்தேன். நானோ தலையில் கம்பளிக் குல்லாயும் உடம்பில் சால்வையுமாக ஒடுங்கி நின்றேன். அவர் மெல்லிய சட்டையொன்றை மட்டும் அணிந்திருந்தார். “என்ன தம்பி, குளிரவில்லையா?” என்று கேட்டேன். “ஐயா, இதுவா குளிர்?” என்று சிரித்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் பூகோளம் கற்பித்தவன் இதற்கு நாணித்தான் ஆக வேண்டும்.

அவருடைய ஊர் தர்பங்காவுக்கு அருகில் உள்ளது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 50 மீட்டர் உயரமே உள்ள தட்டையான வயல்வெளி அது. ஆகவே, உதகமண்டலத்தைப் போல உயரத்தினால் வந்த குளிர் அன்று. “இமயமலை அருகில் இருப்பதால் குளிர்கிறது” என்று விடைத்தாள்களில் எத்தனையோ மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள். நானும் எத்தனையோ முறை சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். உண்மையில் இமயம் ஒரு மதில். நடு ஆசியாவின் உறைகாற்று நேரே தெற்கு நோக்கிப் பாயாதபடி அதுதான் தடுத்து நிற்கிறது. அம்மதில் இல்லையேல், சமவெளியின் குளிர் இன்னும் கொடிதாயிருக்கும்.

பின் காரணம் யாது? முதலில் கதிரவனை நோக்குங்கள். டிசம்பர் 22-ஆம் நாளையொட்டி, கடலூரில் நண்பகற் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 55 பாகை உயரத்தில் நிற்கும். தர்பங்காவில் 40 பாகைதான். நமக்குப் பகற்பொழுது பதினொன்றரை மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. அவர்களுக்குப் பத்தரை மணி நேரம். சாய்ந்த வெயில், குறுகிய பகல், நீண்ட இரவு! நமக்கோ கிழக்கே வங்கக் கடல் இருக்கிறது. நிலம் விரைவில் வெப்பத்தை இழக்கும். கடல் மெல்ல இழக்கும். அதனாலேயே நம் கரையோர இரவுகள் தையிலுங்கூட செல்சியஸ் 20 பாகையையொட்டி நின்றுவிடுகின்றன. டில்லியில், சப்தர்ஜங் நிலையத்தில், 1935-ஆம் ஆண்டு சனவரி 16-இல் பதிவான வெப்பநிலை பூச்சியத்திற்கும் கீழே 0.6 பாகை.

மத்தியதரைக் கடற்பக்கமிருந்து குளிர்காலத்தில் கிழக்கு நோக்கி வரும் காற்றழுத்தத் தாழ்வுகளை ‘மேற்கத்தியக் கலக்கங்கள்’ என்பர். அவை மலைகளுக்குப் பனியையும், சமவெளிக்குச் சிறு மழையையும் தரும். அவை கடந்து சென்றபின் வானம் தெளியும். வடமேற்கிலிருந்து வறண்ட குளிர்காற்று வீசும். பீகார் மக்கள் இந்த மேலைக்காற்றைப் ‘பச்சுவா’ என்கிறார்கள். அதன் பெயரைச் சொல்லும்போதே அவ்விளைஞர் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

காற்று ஓய்ந்தால் மூடுபனி வரும். இரவில் தரை குளிர, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துத் தங்கிவிடும். அதற்கு மேலே வெப்பமான காற்று மூடிபோல் நிற்கும். இதனை வெப்பத் தலைகீழ்நிலை என்பர். இதைக் காண நீங்கள் வடக்கே போகவேண்டுவதில்லை. தெளிந்த, காற்றில்லாத மார்கழி விடியலில் ஆலைப் புகைபோக்கிகளைக் கவனியுங்கள். புகை மேலேறாமல் பாய்விரித்தாற்போல் படர்ந்து கிடக்கும். வெயில் ஏறியதும் கலைந்து உயரும். நமக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் கலைவது, ஈரவயல்களும் ஆறுகளும் அடுப்புப்புகையும் நிறைந்த அந்தச் சமவெளியில் சில சமயம் நாட்கணக்கில் கலைவதில்லை. பஞ்சாபிலிருந்து வங்காளம் வரை ஒரே வெண்போர்வையாக அது கிடப்பதைச் செயற்கைக்கோட் படங்களில் காணலாம். அப்போது வெயில் தரையைத் தொடாது. பகலும் இரவைப்போலவே குளிரும்.

இந்தக் குளிரை வெறுமனே பழிக்கவும் இயலாது. கோதுமைக்கு அது தேவை. 2022-ஆம் ஆண்டு மார்ச்சில் வெயில் முந்திக்கொண்டதால் மணிகள் சுருங்கின. அவ்வாண்டு மே மாதத்தில் நம் அரசு கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆயினும், அந்த வயலைக் காப்பவனுக்குக் கம்பளி உண்டா என்பது வேறு கேள்வி.

பீகாரின் சிற்றூர்களில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் படுப்பார்கள். ‘போர்சி’ என்னும் மண்சட்டியில் தணலிட்டுக் கட்டிலருகே வைத்துக்கொள்வதும் உண்டு. கதவும் சன்னலும் அடைத்த அறையில் அத்தணல் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, உறங்குபவர் விழிப்பதில்லை. வடக்கே படிக்கவோ வேலைக்கோ செல்லும் மாணவர்கள் இதை மறவாதிருக்க வேண்டும்.

இதை நான் அவ்விளைஞரிடம் சொன்னபோது அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய தந்தையாரும் போர்சியை வைத்துக்கொண்டுதான் உறங்குகிறாராம். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். அவர்கள் பேசிய மொழி எனக்கு முழுதும் விளங்கவில்லை. ‘கிட்கி’ என்ற சொல் மட்டும் நாலைந்து முறை காதில் விழுந்தது. சன்னல் என்பது அதன் பொருள்.

மறுநாள் கேட்டேன். “திறந்து வைத்தாராம், ஐயா. குளிர்கிறது என்று என்னைத் திட்டுகிறார்” என்றார்.