சான்றிதழ்த் தேர்வுக்கு நூல் தெரிவு செய்தல்



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும், கல்லூரி மாணவர்க்குக் கட்டண உதவியும் வழங்கி வந்துள்ளது. அன்று நோட்டு வாங்கிச் சென்ற பிள்ளைகளுள் பலர் இன்று மென்பொருள் நிறுவனங்களிலும் கட்டுமானப் பணிகளிலும் ஊதியம் பெறுகின்றனர். அவர்களிடமிருந்து இப்போது வருகிற கேள்வி, "பி.எம்.பி. தேர்வு எழுத விரும்புகிறோம். எந்தப் புத்தகத்தை வாங்குவது?" என்பதாகும். கேள்வி சிறிதாகத் தோன்றினும் அதற்குப் பின்னால் ஓராண்டுச் சேமிப்பும், சிலரது வீட்டில் கடனும் இருக்கின்றன. ஆகவே இதைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

திட்ட மேலாண்மைக்கென அமெரிக்காவில் 1969இல் தோன்றிய பி.எம்.ஐ. என்னும் அமைப்பு 1984 முதல் இத்தேர்வை நடத்தி வருகிறது. நமக்கு இதனால் என்ன என்று பெரியவர்கள் கேட்கலாம். தனியார் துறையில் இட ஒதுக்கீடு இல்லை. அங்கே குழுத் தலைமை யாருக்கு என்பதை மேலாளரின் பார்வையே பெரிதும் முடிவு செய்கிறது. அப்பார்வை யார் மீது படும், யாரைத் தாண்டிப் போகும் என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். தேர்வுத்தாளோ நம் ஊரையும் தெருவையும் கேட்பதில்லை. சான்றிதழ் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. மறுப்பவர் சொல்லும் சாக்குகளில் ஒன்றை அது குறைக்கிறது. அவ்வளவே.

நூல் வாங்குமுன் எந்தத் தேர்வு நமக்குரியது என்று தெளிதல் வேண்டும். பி.எம்.பி. பல ஆண்டுகள் திட்டப் பணிகளை நடத்திய பட்டறிவு உள்ளவர்க்கு உரியது. இப்போதுதான் கல்லூரியை விட்டு வெளிவந்த தங்கைக்கு அதே அமைப்பின் சி.ஏ.பி.எம். தேர்வு பொருந்தும். பி.எம்.பி.க்கு விண்ணப்பிப்போர் 35 மணி நேரப் பயிற்சி பெற்றமைக்குச் சான்று காட்ட வேண்டும், சி.ஏ.பி.எம். தகுதியை நடப்பில் வைத்திருப்பவர்க்கு அந்த 35 மணி நேரம் தேவையில்லை. பயிற்சி நிலையங்கள் இதை முதலில் எடுத்துச் சொல்வது அரிது.

இனி நூல்களுக்கு வருவோம். நம் மக்களுக்கு நூல்களின் மீது தனிப் பற்று உண்டு. எழுத்து மறுக்கப்பட்ட தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள் நாம். 1917இல் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது, தனியே அனுப்பிய அவருடைய நூல்கள் கப்பலோடு கடலில் மூழ்கின. அச்செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நம் வீட்டுப் பெட்டியே போனதுபோல் மனம் பதைக்கிறது. ஆகவே எந்தப் புத்தகத்தையும் எறிய நமக்கு மனம் வருவதில்லை. ஆனால் தேர்வு நூல் வேறு இனம். அதற்கு ஆயுள் உண்டு.

சான்றாக, பி.எம்.ஐ. வெளியிடும் பிம்பாக் வழிகாட்டியைப் பாருங்கள். 2017இல் வந்த ஆறாம் பதிப்பு 49 செயல்முறைகளையும் 10 அறிவுத்துறைகளையும் வகுத்துக் கூறியது. 2021இல் வந்த ஏழாம் பதிப்போ அந்த அமைப்பையே மாற்றி, 12 கோட்பாடுகளும் 8 செயற்களங்களுமாக எழுதப்பட்டது. எட்டாம் பதிப்பு 2025இல் வெளிவந்தது. பழைய புத்தகக் கடையில் ஆறாம் பதிப்பை மலிவாக வாங்கி, 49 செயல்முறைகளையும் மனப்பாடம் செய்கிற இளைஞர் உழைப்பில் குறைந்தவர் அல்லர். கேட்கப்படாத கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறார்.

வழிகாட்டி நூலும் பாடத்திட்டமும் ஒன்றல்ல என்பதையும் மனத்தில் கொள்க. தேர்வின் உள்ளடக்கத்தைக் கூறும் பாடத்திட்ட அறிக்கையைப் பி.எம்.ஐ. இலவசமாகவே தருகிறது. முதலில் பெற வேண்டியது அதுதான். 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திட்டத்தில் 180 வினாக்கள், 230 நிமிடங்கள்; மனிதர் பற்றியவை 42 விழுக்காடு, செயல்முறை பற்றியவை 50, வணிகச் சூழல் பற்றியவை 8. பாதியளவு வினாக்கள் அஜைல் முறையையும் கலப்பு முறையையும் ஒட்டியவை. 2026இல் மீண்டும் மாற்றம் என்று அறிவிக்கப்பட்டது. ஆதலின் நீங்கள் எழுதும் நாளில் எந்த அறிக்கை நடப்பில் உள்ளதோ அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். அதற்கு முந்திய நூலானால், அட்டை எவ்வளவு பளபளப்பாயிருப்பினும் வைத்துவிடுங்கள்.

நல்ல வினா நூலை எப்படி அறிவது? இத்தேர்வு இலக்கணம் கேட்பதில்லை. நிலைமையைச் சொல்லி, முதலில் என்ன செய்வீர் என்று கேட்கிறது. ஓர் ஊரில் மேல்நிலை நீர்த்தொட்டி கட்டுகிறோம். பாதி வேலையில் ஊராட்சியினர் இன்னும் நான்கு குழாய் வேண்டும் என்கிறார்கள். உடனே ஒப்புக்கொள்வதா? மறுப்பதா? அம்மாற்றத்தால் காலமும் செலவும் எவ்வளவு கூடும் என்று முதலில் கணித்து, பின்னரே அதை முறைப்படி ஒப்புதலுக்கு வைக்க வேண்டும். இவ்விடையைச் சொல்வதோடு நில்லாமல், மற்ற மூன்று விடைகள் ஏன் பொருந்தா என்றும் விளக்குகிற நூலே வாங்கத்தக்கது. கடையில் நின்றபடியே இரண்டு விளக்கங்களைப் படித்தால் தெரிந்துவிடும்.

கணக்கு வினாக்களுக்கும் இதே சோதனைதான். 5 இலட்சம் மதிப்புள்ள வேலை முடிந்திருக்க வேண்டிய நாளில் 4 இலட்ச மதிப்புள்ள வேலையே முடிந்தது. செலவு 3 இலட்சத்து 20 ஆயிரம். செலவுக் குறியீடு 1.25, காலக் குறியீடு 0.8. பணம் மிச்சம், வேலை பின்தங்கல் என்று பொருள் சொல்லித் தராத நூல், வாய்பாட்டை மட்டும் தந்து நம்மை ஏமாற்றுகிறது.

"உண்மையான தேர்வு வினாக்கள்" என்று களவாகச் சுற்றுக்கு விடப்படும் தொகுப்புகளைத் தொடவே வேண்டா. விடைகள் பெரும்பாலும் பிழை. பிடிபட்டால் மதிப்பெண் செல்லாது. நம் பிள்ளைகள் மீது ஐயம் எழ நாம் காரணம் கொடுக்கலாகாது.

நம்மில் பெரும்பாலோர் இத்தேர்வை ஆங்கிலத்திலேயே எழுதுகிறோம். மேற்சொன்ன திட்டத்தின்படி ஒரு வினாவிற்கு ஏறத்தாழ 77 நொடிகளே கிடைத்தன. தமிழ்வழியில் பயின்றவர்க்குத் தடை பெரும்பாலும் பாடத்தில் இல்லை; நீண்ட வினாவைப் படிக்கும் வேகத்தில் உள்ளது. அவர்கள் மூன்று பெரிய நூல்களை வாங்குவதினும், ஒரு நூலும் ஒரு நல்ல மாதிரித் தேர்வுத் தொகுப்பும் வாங்கி, கடிகாரத்தை எதிரில் வைத்து நாள்தோறும் இருபது வினா படிப்பது நலம்.

நம் நூலக அலமாரியில் இவ்வகை நூல்களின் முதுகில் பதிப்பாண்டை எழுதி ஒட்டக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். காலங்கடந்தவை கீழ்த்தட்டுக்குப் போகும். எடுத்துச் செல்வோர் விடைகளை நூலில் குறியாமல் தனித்தாளில் எழுதுங்கள். அடுத்து எடுப்பவரும் புதிதாகவே சிந்திக்கட்டும்.